வயிற்றுக்குள் ஒரு பொத்தான்

9-2-1959
இன்றும் அவர் பாதி இட்லியோடு எழுந்துவிட்டார். வயிறு பானை மாதிரி ஊதியிருக்கிறது. கேட்டால், "வாய்வுதான் அமராவதி, உடு" என்று சொல்லிவிட்டுப் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார்.

11-2-1959
ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று மெஷினுக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தாராம். கூட வேலை செய்கிறவர்கள்தான் தூக்கி வந்தார்கள். பெருங்குடல் முறுக்கிக்கொண்டு ஒரு பகுதி கறுத்துவிட்டதாம்.

"கறுத்தத வெட்டியே ஆகணும்மா. நாடி விழுந்துக்கிட்டிருக்கு. சம்மதமா?" என்றார் டாக்டர் சாமியப்பன்.

அத்தை குண்டடத்திலிருந்து வருவதற்குள் என்ன ஆகுமோ. யாரைக் கேட்பது? "செய்யுங்க" என்றேன்.

பிழைத்திருக்கிறார். இப்போதைக்கு.

12-2-1959
வெட்டிய இரண்டு முனைகளையும் பொறுமையாகத் தைக்க நேரமில்லையாம். பொத்தான் மாதிரி ஓட்டையுள்ள இரண்டு உலோகத் துண்டுகள். முனைக்கு ஒன்றாக வைத்து, ஒன்றோடு ஒன்று அழுத்திப் பூட்டிவிட்டாராம். நடுவில் நசுங்கிய சதை செத்து உதிர்ந்துவிடும், அதற்குள் அதைச் சுற்றிக் குடல் ஒட்டிக்கொள்ளும், பிறகு பொத்தான் மலத்தோடு தானாக வெளியே வந்துவிடும் என்றார்.

ஒட்டாவிட்டால்?

அத்தை வந்துவிட்டார். "எம்பையன் வயித்துல இரும்ப வெச்சுப் பூட்டறதுக்கு யாரக் கேட்டுச் சரின்னு சொன்னே?"

15-2-1959
காய்ச்சல். வயிறு மறுபடி உப்புகிறது. எக்ஸ்ரே எடுத்தார்கள். பொத்தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "ஒட்டு கசிஞ்சா மறுபடி திறக்கணும்" என்கிறார் டாக்டர். இந்த உடம்பு இன்னொரு தடவை தாங்குமா? அவர் தண்ணீர் கேட்கிறார். கொடுக்கக் கூடாது. ஈரத் துணியால் உதட்டைத் துடைப்பது தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை.

16-2-1959
அத்தை காரோடு வந்துவிட்டார். ஊருக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டப் போகிறாராம். நான் வாசற்படியை மறித்து நின்றேன்.

"அசைச்சா ஒட்டு உட்டுப்போயிருமுங்க அத்தை. இங்கயே இருக்கட்டுங்க."

"அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

"சொல்றனுங்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கட்டிலிலிருந்து அவர் குரல், ரொம்ப மெதுவாக: "அம்மா... அவ சொல்றபடி உட்டுருங்க."

கார் திரும்பிப் போனது. அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

சொல்றனுங்க என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன்? என்ன பதில் சொல்வேன் — முருகா, யாருக்குச் சொல்வேன்?

17-2-1959
காய்ச்சல் இறங்கவில்லை. சாயங்காலம் வரை பார்த்துவிட்டுத் திறந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிப் போனார். மத்தியானம் கட்டிலில் படுத்தபடியே அவர் என் கையைப் பிடித்து, வெட்கத்தோடு, "காத்துப் பிரிஞ்சுதாட்ட இருக்குது" என்றார். நர்ஸைக் கூப்பிட ஓடினேன். செருப்புப் போடவில்லை என்பதே பிறகுதான் தெரிந்தது. டாக்டர் வயிற்றில் கையை வைத்து வெகுநேரம் அமுக்கிப் பார்த்தார். "வழி திறந்திருக்கும்மா. கத்தி வேண்டாம்."

18-2-1959
காய்ச்சல் இல்லை. இரண்டு மடக்கு வெந்நீர் குடித்தார்.

22-2-1959
பொத்தான் வெளியே வந்துவிட்டது. மலச்சட்டியைப் பார்த்தவர் அத்தைதான். டாக்டரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

4-3-1959
வீட்டுக்கு வந்துவிட்டோம். ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் விசாரிக்க வந்தாள். "வயித்தத் தொறக்கறதுக்கு யாருங்க துணிஞ்சு சரின்னு சொன்னது?" என்று அத்தையிடம் கேட்டாள்.

"எம்மருமவதான். நா இருந்திருந்தா உட்டிருக்க மாட்டேன். எம்பையன நானே தொலைச்சிருப்பேன்."

உள்ளே பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் போனதும் அத்தை அடுப்படிக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக் கழுவி, சோறு போட்டு, எனக்கு முன்னால் வைத்தார்.

"உண்ணு கண்ணு" என்றார்.