மெல்பேர்னிலிருந்து இறக்கம்

பிலிமத்தலாவை,
14.07.2024

அன்புள்ள பிரேமிளாவுக்கு,

இங்கு நலம். நீயும் அங்கு நலமென நம்புகிறேன். தொலைபேசியில் பேசினால் அப்பா பக்கத்துக் கதிரையிலிருந்து எல்லாவற்றையும் கேட்பார். ஆகவே மின்னஞ்சல்.

அப்பாவின் கண் சத்திரசிகிச்சைக்கு ஆகஸ்ட் 9 எனத் திகதி கிடைத்திருக்கிறது. நீ வராமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறமாட்டேன் என்று ஒரு மாதமாகப் பிடிவாதம். லீவு கிடைக்காது, தூரம் அதிகம் என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். தூரத்தை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம், நீ எப்போதோ அனுப்பிய விமான நேரங்கள்.

கொழும்பில் இரவு பன்னிரண்டரைக்கு ஏறினால் மெல்பேர்னில் பிற்பகல் மூன்றரை. அங்கே மாலை ஐந்துக்கு ஏறினால் இங்கே இரவு பதினொன்றரை. போகப் பதினைந்து மணித்தியாலம், வர ஆறரை என்று விரல்விட்டு எண்ணிவிட்டார். முப்பத்திரண்டு வருடம் ரயிலில் கார்டாக இருந்தவருக்கு இதில் சந்தேகமே எழவில்லை.

“கடுகண்ணாவ ஏத்தம் மாதிரித்தான். ஏறுறப்ப ரம்புக்கனையில பின்னாடி இன்னொரு எஞ்சின் பூட்டணும். எறங்குறப்ப தானா ஓடிரும். எறக்கத்துல வர்றதுக்கு அவளுக்கு என்ன நோவு?” என்கிறார்.

பேராதனையில் புவியியல் படித்த பாவத்துக்கு உலகப் படத்தைக் காட்டினேன். அவுஸ்திரேலியா கீழே, நாம் மேலே. உங்கள் கணக்குப்படி வருவதுதான் ஏற்றம் என்றேன். சற்று யோசித்து, “படத்த மாட்டுனவன் தலகீழா மாட்டிட்டான்” என்றார். தேங்காய் கொண்டுவந்த கடைக்காரர் பளீல் நானாவும் சேர்ந்துகொண்டார்: “ஐயா சொன்னா சரியாத்தான் இரிக்கும், டீச்சர். முப்பது வருஷம் ரயில்ல போனது நீங்களா?”

நேற்று இரண்டு மணிக்கூடுகளை மேசையில் வைத்தேன். ஒன்று நம் நேரம். மற்றது உன் நேரம், நாலரை மணித்தியாலம் முன்னே ஓடுவது. எண்ணாயிரத்து முந்நூறு கிலோமீற்றர். போகப் பத்தரை, வரப் பதினொன்று, வரும்போதுதான் எதிர்க்காற்று என்று விளக்கினேன். அப்பா இரண்டுமுறை எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரி என்றார். அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு, “பதினோரு மணித்தியாலமா? ஒரே சீட்டுலயா? ஐயோ, புள்ளைய வரச் சொல்லாத. நானே போய்ப் படுத்துக்கிறேன்” என்றார்.

இன்று காலை ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையொப்பமிட்டார். தேநீரில் சீனி போதாது என்றுகூடச் சண்டை பிடிக்கவில்லை. பளீல் நானா வந்து இறக்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு, “அது வேற கணக்கு” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். நீ வந்துபோய் ஏழு வருடம். இத்தனை நாளும் அந்த ஆறரை மணித்தியாலத்தை நம்பித்தான் அவர் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தார் போலும்.

நான் எதையும் கேட்டுப் பழகாதவள் என்பது உனக்குத் தெரியும். பிரேமி, ஒரு கிழமை லீவு கேட்டுப் பார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். எவ்வளவு களைத்து இறங்கினாலும், அப்பா கேட்டால் ஆறரை மணித்தியாலம்தான் என்று சொல். நான் திருத்தமாட்டேன்.

உன் நலம் நாடும்,
அக்கா கஜலட்சுமி