உங்கள் கிணற்றுத் தண்ணீரும் எங்கள் பெயர்ச் சீட்டும்

போன பிறகும் என்னைவிட ஒருபடி மேலேயே இருக்கிற என் பாசமுள்ள அக்காவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கல்கண்டு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது உங்களுக்கு மேற்குக் கிணறு, எங்களுக்குக் கிழக்குக் கிணறு. நடுவே ஒரே ஒரு வரப்பு. உங்கள் தண்ணீரில் பருப்பு இரண்டு கொதியில் மசியும். என் தண்ணீரில் சோப்புகூட நுரைக்காது. ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்த இருவரில் எனக்கு மட்டும் ஏன் உப்பு?

கரண்ட் மோட்டார் போட்ட புதிதில், எருமப்பட்டிக்கு வந்த விவசாய ஆபீசர் கிணற்றுக்கு ஒரு பாட்டில் கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? குடிக்க ஆகுமா, பாசனத்துக்கு ஆகுமா என்று சோதித்துச் சொல்வார்களாம். என் கிணறு தேறாது என்று எழுத்தில் வரும், அதை நீங்களும் படிப்பீர்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. துணி துவைக்கிற சாக்கில் உங்கள் தொட்டிக்கு வந்து, உங்கள் தண்ணீரை நிரப்பி, எங்கள் பெயரை ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

எல்லாப் பயிருக்கும் ஏற்றது என்று சீட்டு வந்தது. அதுவரை சோளமே போட்டுவந்த உங்கள் கொழுந்தனார் அதை நம்பிச் சின்ன வெங்காயம் ஊன்றினார். ஒரு மாதத்தில் தாள் நுனியெல்லாம் கருகிவிட்டது. விதை சரியில்லை என்று யார் யாரையோ ஏசினார்.

நீங்கள் மட்டும் உங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"ரெண்டுலயும் ஒரே கணக்கா இருக்குது, சாமி. உன்ற ஊட்டுக்காரருகிட்ட நீயே சொல்லீரு. நா சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு, இரண்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்காதபடி, உங்கள் சீட்டை என் அடுப்பிலேயே போட்டீர்கள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்தப் பெரிய மனசைப் பார்த்தும் பொறாமைப்பட வைத்தீர்களே, இது நியாயமா?

நான் சொல்லவே இல்லை. இப்போது அவர் மறுபடியும் விதை வெங்காயம் வாங்கி வந்து, அந்தச் சீட்டை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த முறையும் கருகினால் எங்கள் காட்டு நிலத்தில் பாதியை விற்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

நாளைக் காலை ஊன்றும் முன் சொல்லிவிடுகிறேன், அக்கா. இது சத்தியம். அண்ணிக்குத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார். தெரியும் என்பேன். உடனே உங்களைப் பற்றிப் பெருமையாக இரண்டு வார்த்தை சொல்வார். என்னை ஏசுவதைப் பொறுத்துக்கொள்வேன். அந்த இரண்டு வார்த்தையைத்தான் நின்று கேட்க வேண்டும். கேட்கிறேன்.

எப்போதும் உங்களுக்கு இளையவளான,
உங்கள் ஓரகத்தி