டிக்கிக்குக் காய்ச்சல்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகுவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுறாங்களா?

இங்க ஒரு கூத்து. ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துச்சு. அதுல இன்ஜினும் பின்னாடி, டிக்கியை ஒட்டியே இருக்கு. அந்தச் சூட்டுல டிக்கியில வச்ச பையெல்லாம் வெந்துபோகுதுன்னு ஓனர் ஒரே புலம்பல். நடுவுல சூடு தடுக்கிற தகடு ஒட்டி, ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, புறங்கையால தொட்டுப் பார்த்தேன்.

“என்னண்ணே, டிக்கிக்குக் காய்ச்சலா?”ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ஜில்லுன்னு இருந்துச்சு.

அன்னிக்கு நீயும் போன்ல அப்படித்தானே சொன்னே? “காய்ச்சல் விட்டுடுச்சுங்க, பாப்பா ஜில்லுன்னு இருக்கா.” பிழைச்சிட்டான்னுதான் நானும் நினைச்சேன். உன்மேல தப்பில்லம்மா.

வண்டி இன்னும் இங்கதான் நிக்குது. தாண்டிப் போறப்பல்லாம் கை தானா அங்க போகுது.

மேஸ்திரி கூப்பிடுறார். பாப்பாவோட கம்பளித் தொப்பியை அனுப்பி வை. துவைச்சிடாதே.

உன் வீட்டுக்காரன்