தொட்டிக்கு அடியில் விட்டுப்போன ஓட்டை

ஆடி 12, செவ்வாய். எழுதத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

தானே புயல் அடித்த வருஷம், மைன்ஸில், நிலக்கரிச் சுரங்கத்தில், ரிட்டயர் ஆன கையோடு நானும் காசியும் தேவராஜும் கடலூரில் ஒரு இரும்புப் பாய்மரப் படகுக்கு வெல்டிங் செய்தோம். படகுக்குள்ளே அடித்தகட்டின் மேல் குறுக்கே வரும் அடிச்சட்டங்களில் தண்ணீர் தேங்கினால் தகடு அரித்துப்போகும், தண்ணீர் ஓடிப்போக மைன்ஸ் மெஷினில் விடுவதுபோல ஒவ்வொரு சட்டத்திலும் ஓட்டை விடலாம் என்று நான்தான் ஓனரிடம் சொன்னேன். சரியென்றார். குடிதண்ணீர்த் தொட்டியை வைத்து மூடிய பிறகுதான் அதற்கடியில் ஒரு சட்டத்தில் ஓட்டை போடாமல் விட்டது தெரிந்தது.

"வுடு மாமா, யாரு பாக்கப்போறா" என்றான் காசி.

இன்று காலை ஓனர் போன் பண்ணினார். "பெரியவரே, நம்ம படகுல குடும்பத்தோட அந்தமான் கிளம்புறேன். தொட்டிக்கடியிலயும் ஓட்டை போட்டீங்கல்ல?"

"போட்டோங்க" என்றேன்.

அப்புறம் சோறு தின்றேன், படுத்தேன். திரும்பக் கூப்பிடவில்லை. காசி போய்விட்டான், தேவராஜும் போய்விட்டான். அந்தச் சட்டத்தைப் பற்றித் தெரிந்து இன்னும் உயிரோடு இருப்பது இந்த மாணிக்கம் ஒருத்தன்தான்.