ஆறாம் பக்கம்

விருத்தாசலம்,
வியாழக்கிழமை

வெண்பா அப்பாவுக்கு அம்சவல்லி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போனில் சொன்னால் பாதியிலேயே "ரெக்கார்டிங் இருக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கூரியரில் கடிதம். முழுவதும் படியுங்கள்.

வெண்பாவுக்குப் போன வாரம் வந்த காய்ச்சல் இறங்கிவிட்டது. பால்வாடிக்கு மறுபடியும் போகிறாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து உங்கள் அம்மா வந்து நாலு நாள் பார்த்துக்கொண்டார்கள். "எம் புள்ள மாயவன் பாட்டு டிவியில வரப்போவுது" என்று, முன்பு செராமிக் கம்பெனியில் தன்னோடு வேலை செய்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

இனி அந்த ஒப்பந்தம். வெண்பாவின் சிரிப்பையும் பேச்சையும் சேர்த்து நீங்கள் போட்ட மெட்டை ஒரு இசைக் கம்பெனி விளம்பரத்துக்குக் கேட்கிறது, படித்துப் பார் என்று பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினீர்கள். வக்கீல் ஆபீசில் தினமும் பத்திரம் டைப் அடிக்கிறவள் நான். படித்ததும் மனசுக்குச் சரியாகப் படவில்லை. பிரிண்ட் எடுத்து எங்கள் வக்கீல் சிவசங்கரி மேடத்திடம் காட்டினேன்.

"தலைப்புலதான் லைசென்ஸ்னு போட்டிருக்காங்க. உள்ள பாரு, மொத்தமா எழுதி வாங்கிக்கிறாங்க. வாடகைன்னு சொல்லிட்டு கிரயம் பண்ற மாதிரி இருக்குது" என்றார்கள். இத்தனை வருஷம் என்று கணக்கில்லை, 'எக்காலத்துக்கும்' என்றிருக்கிறது. இன்ன இடம் என்றில்லை, 'உலகம் முழுவதும்'. உங்கள் மெட்டை நீங்களே ஒரு கச்சேரியில் வாசிக்க வேண்டுமென்றாலும் அவர்களைக் கேட்டுக்கொண்டுதான் வாசிக்க வேண்டும்.

தாள்களை அடுக்கும்போது மேடம் கேட்டார்கள்: "அஞ்சுக்கு அப்புறம் ஏழு இருக்குது. ஆறாம் பக்கம் எங்கம்மா?"

அன்றைக்கே உங்களைக் கேட்டேன். "அது சும்மா அட்ரஸ் பக்கம்" என்றீர்கள். ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்சம் நிறுத்தினீர்கள். கல்யாணமாகி ஏழு வருஷம், அந்த நிறுத்தம் எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை நானே கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "சார் கையெழுத்து போட்டுக் குடுத்து பத்து நாளாச்சே மேடம்" என்றாள். எனக்கு அனுப்புவதற்கு முன்பே போட்டுவிட்டீர்கள். பிறகு எதற்காக என்னைப் படிக்கச் சொன்னீர்கள்? குழந்தையின் அம்மா என்று சொல்லிக் கேட்டதும் முழு நகலையும் மெயிலில் அனுப்பினாள்.

ஆறாம் பக்கத்தைப் படித்தேன். பதிவில் உள்ள குழந்தையின் குரலைக் கணினிக்குப் பழக்கி, அவள் பேசாததைப் பேசவும் பாடாததைப் பாடவும் வைக்கலாமாம். கீழே பெற்றோர் இருவரின் சம்மதம். உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து. கடைசி எழுத்தின் சுழிகூட நான் போடுகிறபடியே இருக்கிறது. நான் போடவில்லை.

அதை மேடத்திடம் காட்டவில்லை. உங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை. எனக்குச் சம்மதமில்லை, குழந்தை குரலைத் தொடாதீர்கள் என்று கம்பெனிக்கு மட்டும் எழுதினேன். அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நேற்றுப் பதில் வந்தது. நாம் இருவரும் நேரில் வரும்வரை நிறுத்தி வைக்கிறார்களாம். வரும் புதன்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு வாய்ப்புக்காக எத்தனை ஸ்டூடியோ வாசலில் நின்றீர்கள் என்பது எனக்குத் தெரியும். கை நழுவிவிடும் என்று பயந்தீர்களா, நான் மறுப்பேன் என்று நினைத்தீர்களா, இல்லை வேறு யாராவது போட்டார்களா? மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். எதை நினைத்தாலும் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுங்கள். நேர் பஸ் கிடைக்காவிட்டால் வேப்பூரில் இறங்கி மாறிக்கொள்ளலாம். வெண்பாவை என் தங்கை அனுசியா வீட்டில் விட்டுவிடுகிறேன். நாம் இருவர் மட்டும் உட்கார்ந்து பேசுவோம். நான் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். தயவுசெய்து என்னைக் கேட்க வைக்காதீர்கள்.

சொன்னீர்களென்றால், புதன்கிழமை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். சொல்லாவிட்டாலும் வருவேன், வெண்பாவின் அம்மாவாக மட்டும்.

நம் ஊர்ப் பழமலைநாதர் உங்களுக்கு நல்ல வார்த்தையைக் கொடுக்கட்டும்.

அம்சவல்லி