யாரும் சீந்தாத இரண்டாவது கட்டுரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீ எடுக்கவில்லை. மெசேஜ் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். மாமாவுக்கு நெஞ்சுவலி என்று சொன்னதற்குமா கட்டைவிரல்? அதனால்தான் இந்த மெயில். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மாமாவுக்கு அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். கண் விழித்ததும் மனிதர் கேட்டது செய்தித்தாள். பக்கத்துக் கட்டில்காரரோடு அரசியல் பேசி, நர்சிடம் திட்டும் வாங்கியாயிற்று. ஆள் தேறிவிட்டார் என்றுதான் நானும் மூச்சு விட்டேன்.

அப்புறம் இதய டாக்டர் வந்தார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை நாளையிலிருந்து இரண்டு மடங்காக்கப் போவதாகச் சொன்னார். எதை வைத்து என்று கேட்டால், ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைச் சொல்கிறார். அடேயப்பா, உன் கட்டுரை! எழுதியது என் தம்பி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். உலகம் முழுக்க எத்தனை ஆயிரம் பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் தெரியுமா என்று என்னிடமே அளக்கிறார். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் குப்பை கொட்டுகிற எனக்கா தெரியாது? வாரா வாரம் அந்த எண்ணிக்கையைப் பார்த்து உனக்கு அனுப்புவதே நான்தானே.

ஆனால் உன் பெயரைத் தட்டினால் நீ எழுதிய எல்லாமே வரும் தம்பி. அடியில் கிடக்கிற உன் இரண்டாவது கட்டுரையையும் நான் படித்திருக்கிறேன். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த இரட்டை அளவு ஆகாது, வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். அதுவும் யாரும் புரட்டாத ஒரு பத்திரிகையில், முதல் கட்டுரையைப் பற்றி மூச்சே விடாமல். ஒருவர்கூட அதை மேற்கோள் காட்டவில்லை. நீகூட அதற்குப் பிறகு எழுதிய எதிலும் அதைச் சொல்லவில்லை.

உன் மாமாவின் சிறுநீரகம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நூலகத்துக்கு ஓடி, அச்செடுத்து வந்து டாக்டரிடம் நீட்டினேன். நின்றபடியே புரட்டினார். யாருமே சீந்தாத ஒண்ணை நம்பி, எல்லாரும் பின்பற்றுற முறையை எப்படிம்மா மாத்துறது, உங்க தம்பியே முதல் கட்டுரையைத் திருத்தலையே என்றார். எனக்கு உன் மேல்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரைச் சொல்லி என்ன பயன்?

எனக்குப் புரியாமல் இல்லை. அடுத்த வாரம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அந்த முதல் கட்டுரைதான் உன்னைத் தூக்கி நிறுத்துகிறது. இந்த நேரத்தில் அதில் கை வைத்தால் கமிட்டிக்காரர்கள் குடைந்து எடுத்துவிடுவார்கள். அந்தப் பதவி உனக்குக் கிடைக்க வேண்டுமே என்று உன்னைவிட அதிகம் தவித்தவள் நான். இப்போது என்ன நினைப்பது என்றே தெரியவில்லை, போ.

உன் மாமாவிடமே சொல்லிப் பார்த்தேன். அவரா கேட்பார்? என் மச்சினன் கண்டுபிடிச்ச அளவுதான் எனக்கும் என்று வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. உனக்கு என்னடி தெரியும், அவன் எனக்குக் கெடுதலா எழுதுவான் என்று என் வாயை அடைக்கிறார். உப்பைக் குறைக்கச் சொன்னால் வீட்டை இரண்டாக்குகிற மனுஷன், நீ எழுதியது என்ற ஒரே காரணத்துக்காக, கேள்வி கேட்காமல் வாயைத் திறக்கத் தயாராக இருக்கிறார்.

டாக்டரின் எண்ணை உனக்கு மெசேஜில் போட்டிருக்கிறேன். காலையில் நர்ஸ் மாத்திரை கொண்டுவருவதற்குள் அவரைக் கூப்பிடு. நான் எழுதியது இவருக்குப் பொருந்தாது என்று உன் வாயால் சொல். இங்கே என்ன நேரம் என்றெல்லாம் பார்க்காதே, அவர் எடுக்காவிட்டால் எனக்குப் போன் அடி, நான் போய் எழுப்புகிறேன். பத்திரிகைக்கு எழுதுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு நீயும் உன் மனசாட்சியும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பதவி வந்தாலும் வராவிட்டாலும் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. உன்னை வெறுக்கும்படி என்னை வைத்துவிடாதே, கண்ணா.

உன் அக்கா