கை நனைக்காமல் வந்தவள்

2025 மார்ச் 9, ஞாயிறு

காலையில் ஒரு முழுப் பப்பாளி. எதிரில் என் வீட்டுக்காரர் வீரன் நேற்றைய கோழிக்கறியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். "நானும் நாள்பூரா லோரியில பழந்தான் ஏத்துறேன், நீயும் பழந்தான் ஏத்துற. எனக்கு மட்டும்தான் சம்பளம்" என்றார். அவர் ஏற்றுவது எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை. இந்தப் பகடிக்கு வயது ஒன்றாகிவிட்டது, ஆனாலும் சிரித்தேன். கறி நான் சமைத்ததுதான். உப்பு மட்டும் அவர் பார்த்துச் சொல்வார்.

போன வருடம் தைப்பூசத்துக்குப் பழ விரதம் இருந்தேன். விரதம் முடிந்த மறுநாள் எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாயே கோழிக்குத் திரும்பியது. நான் திரும்பவில்லை. அடுப்பில் வெந்தது வேண்டாம், பால் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். பழம், தேங்காய், வெள்ளரி, கொஞ்சம் பச்சைத் தழை. யாரும் சொல்லிச் செய்யவில்லை. கல்யாணம் அப்பா எடுத்த முடிவு. பெக்டரி வேலை வீட்டு நிலைமை எடுத்த முடிவு. இது நான் எடுத்தது. ஐம்பத்தொரு வயதில்! எழுதும்போதே பெருமையாக இருக்கிறது. இருக்கட்டுமே.

மார்ச் 13, வியாழன்

புவாசா மாதம். நோன்பு இருப்பவர்கள் முன்னால் சாப்பிட மனம் வராமல் பெக்டரி ஸ்டோருக்குப் பின்னால் நின்று ஆரஞ்சு உரித்தேன். கூட வேலை செய்யும் யாத்தி அக்கா, காக் யாத்தி, பார்த்துவிட்டாள். மதியத்துக்கும் ராத்திரிக்கும் பழம்தான் என்றதும், "அப்போ உனக்கு வருஷம் முழுக்க நோன்பா?" என்று மலாயில் கேட்டாள். "இல்லை காக், வருஷம் முழுக்கப் பெருநாள்" என்றேன். வேலை முடிந்து வரும்போது என் பையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் இருந்தது.

மார்ச் 22, சனி

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி நன்றாகத் திட்டினாள். பி12 குறைகிறதாம். அது பழத்தில் கிடைக்காது, மாத்திரை போட்டே ஆகவேண்டும் என்றாள். "இது சமைச்ச மாத்திரையா, பச்ச மாத்திரையா?" என்று வீரனுக்குக் கொண்டாட்டம். போட்டுக்கொண்டேன். பெருமை வேறு, வீம்பு வேறு. எனக்கு அது தெரியும்.

ஏப்ரல் 5, சனி

மகன் பவனேஷ் வாயைத் திறந்துவிட்டான். பெண் பெயர் ஷர்மினி. ஊர் சுங்கை புரோங். அப்பா தேவன் நெல் லோரி ஓட்டுகிறவர், அம்மா கங்கா. போனில் படம் காட்டினான். நல்ல சிரிப்பு. பங்குனி கழியட்டும், சித்திரையில் போய்க் கேட்போம் என்று சொல்லிவிட்டோம். என் பிள்ளைக்கு முகமெல்லாம் பல்.

ஏப்ரல் 20, ஞாயிறு

போய் வந்தோம். வழியெல்லாம் பெண்டாங், நெல்வயல், கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. காடி ஓட்டிக்கொண்டே பவனேஷ் மெதுவாக ஆரம்பித்தான். "மா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் ஒரு வாய் சோறு சாப்பிட்டுருங்களேன்." அவர்களிடம் என் சாப்பாட்டைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். வெட்கமாம்! முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நல்ல மனிதர்கள். பேச்சும் நன்றாகவே முடிந்தது. ஷர்மினி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கங்கா இலை போட்டார். "புது அரிசி, இவுரு லோரியில ஏத்துன நெல்லு. எல்லாரும் கை நனைச்சிட்டுத்தான் போகணும்." அப்பனும் மகனும் உட்கார்ந்துவிட்டார்கள். நான், "எனக்கு வேணாங்க, நான் சோறு சாப்பிடுறதில்ல" என்றேன். கங்காவின் கரண்டி அப்படியே நின்றது. பழம் ஏதாவது தின்னலாம் என்றால், அங்கே இருந்த பழமெல்லாம் நாங்கள் தட்டில் வைத்துக் கொண்டுபோனது. கொண்டுபோனதை நாமே எடுத்துத் தின்ன முடியுமா? தண்ணீர் குடித்தேன். தேவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எல்லாம் போச்சு.

ஷர்மினி அழுதுகொண்டே போன் செய்தாளாம். அவள் அப்பா சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளையோட அம்மா கை நனைக்கல. வாயால சரின்னாங்க, மனசு ஒத்துக்கல. அந்த வீட்டுக்கு எப்புடி நான் பொண்ணு குடுக்குறது?"

அடக் கடவுளே. சம்பந்தம் பிடிக்காத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாததா? என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் முதல் இரண்டு கூட்டம் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனது. அம்மா அந்தக் காப்பியைக் கொல்லையில் ஊற்றியதை நின்று பார்த்தவள் நான். என் நினைப்பெல்லாம் என் பழத்தின் மேலேயே இருந்திருக்கிறது.

பவனேஷ் கத்தினான். "ஒங்களுக்கு ஒங்க பழம் முக்கியமா, நான் முக்கியமா?" இதுவரை அவன் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

அவன் இன்னும் பேசவில்லை. வீட்டில் சட்டி பானைச் சத்தம் மட்டும்தான்.

ஒரு வாய் சோறு. தின்னா செத்தா போயிருவேன்? போய் உக்காந்து, தின்னுட்டு, சிரிச்சிட்டு வந்துட வேண்டியதுதானே? பெத்த புள்ளைக்காக இதுகூட செய்ய மாட்டியாடி? வீரனிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "தின்னா நான் வேணாங்கல. ஆனா அந்தம்மா அடுத்த வாட்டியும் சோறுதான் போடும். தலதீபாவளிக்கும் போடும். பேரப்புள்ள காது குத்துக்கும் போடும். எத்தன வாட்டி நடிப்ப?"

அதுதான். பொய்யாய் ஒரு வாய் தின்று அந்த வீட்டு உறவைத் தொடங்குவதா? சோற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கங்கா மேல் சத்தியமாக இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். நானேதான் போய்ச் சொல்ல வேண்டும்.

மே 1, வியாழன்

தொழிலாளர் தினம், லீவு. யாரிடமும் சொல்லாமல் நானே காடியை எடுத்துக்கொண்டு போனேன். தஞ்சோங் காராங் தாண்டும்வரை சொல்லவேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

கங்கா வாசலிலேயே நிறுத்தவில்லை, உள்ளே கூப்பிட்டார். அதற்கே கும்பிடலாம். ஆனால் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

"ஒங்க பொண்ண எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. சோறுதான் சாப்பிடுறதில்ல. சமைச்சது எதுவும் சாப்பிடுறதில்ல. என் மகன் மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சீக்கு ஏதாச்சுமாக்கா?"

"இல்ல."

"வேண்டுதலா?"

"இல்லங்க."

"அப்புறம் என்னாத்துக்குக்கா?"

"எனக்குப் புடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

கங்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பழம் மட்டும் தின்னா ஒடம்பு இப்புடி சிக்குன்னு ஆகுமா?" என்று கேட்டார். ஆகும் என்றேன். பொய் சொல்லவில்லை, முழங்கால் வலி போனதையும் சொன்னேன், பி12 மாத்திரையையும் மறைக்கவில்லை.

அதற்குள் தேவன் உள்ளிருந்து வந்தார். முகம் இறுகியிருந்தது. "நீங்க சொல்றது வெளங்குதுங்க. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல லா? கை நனைக்காம எப்புடி சம்பந்தம்? நாள பின்ன சொந்தக்காரன் கேப்பான்."

சன்னல் வழியாகப் பார்த்தேன். கொல்லையில் மாமரம். கிளை தாழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"பழுத்த மாம்பழம் இருக்குங்களா?"

கங்கா ஒன்றைக் கழுவி, தட்டும் கத்தியுமாகக் கொண்டுவந்தார். கத்தியை ஒதுக்கிவிட்டேன். காம்புப் பக்கம் ஒரு கடி. அப்புறம் இரண்டு கையாலும் பிசைந்து, உறிஞ்சி, தோலைப் பல்லால் இழுத்து — என்ன பழம் அது! சாறு விரலிடுக்கில் இறங்கி, வளையலைத் தாண்டி, முழங்கையிலிருந்து அவர்கள் வீட்டுத் தரையில் சொட்டியது. துடைக்கவில்லை. கையைத் தேவன் முன்னால் நீட்டினேன்.

"பாருங்கண்ணே. நனைஞ்சிருச்சா?"

அவர் கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கங்காதான் முதலில் சிரித்தது. "முழங்கை வரைக்கும் நனைஞ்சிருச்சேங்க! ஒங்க சொந்தத்துல எவன் இவ்வளவு நனைச்சான்?"

தேவன் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கொக்கியோடு மரத்தடியில் நின்று, "சம்பந்தி, இன்னொண்ணு பறிக்கவா?" என்று கேட்டார்.

வரும்போது பெண்டாங் ஓரமாகக் காடியை நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மே 2, வெள்ளி

பவனேஷ் எனக்கு அன்னாசி வெட்டிக் கொடுத்தான். கண்ணெல்லாம் எடுக்காமல் மொத்தையாக வெட்டியிருந்தான். அத்தனையும் தின்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

போன வாரம் நிச்சயம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம்.

இன்று மதியம் வாசலில் லோரிச் சத்தம். வீரனின் லோரி இல்லை. தேவன் இறங்கி, ஒரு மூட்டை அரிசியைத் தோளில் தூக்கிவந்து வீரன் முன்னால் இறக்கினார். "இது மாப்பிள்ளைக்கும் ஒங்களுக்கும்." திரும்பப் போய் ஒரு கூடையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். மரத்திலேயே பழுத்தவை. வாசனை தெரு முனை வரை போயிருக்கும்.

"இது ஒங்களுக்கு, சம்பந்தி. கை நனைக்க."

இரண்டு தின்றாயிற்று. கையைக் கழுவாமல்தான் எழுதுகிறேன். பக்கம் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும்.